காலி வண்டிக்கு எட்டி நில்லுங்கள்
கோடவுன் வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரண்டு இதழுக்கு முன்னால் ஃபோர்க்லிஃப்ட் பற்றி, அதாவது முன்னால் ஃபோர்க்கு என்கிற இரண்டு இரும்பு நாக்கை நீட்டிச் சரக்கைத் தூக்குகிற வண்டி பற்றி, அரைப் பக்கம் எழுதினேன். அதில், செங்குன்றத்தில் அரிசி மூட்டை தூக்கத் தொடங்கி, பிறகு மணலியிலும் ஒரகடத்திலும் 27 வருடம் வண்டி ஓட்டியவன், இப்போது பையன்களுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன் என்று என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு கடிதம் வந்திருக்கிறது. “சுருக்கமா பதில் எழுதுங்க” என்றார் ஆசிரியர். சிலவற்றுக்கு முடிந்தது.

*

கேள்வி: அண்ணா, நான் 3 டன் வண்டி ஓட்டுகிறேன், ஆறு மாதம் ஆகிறது. வண்டி சாய ஆரம்பித்தால் சட்டென்று குதித்துவிடு என்று சீனியர் சொல்லியிருக்கிறார். பெல்ட் போட்டால் குதிக்க முடியாதே என்று நான் பெல்ட் போடுவதில்லை. சரிதானா?
– ஆபரேட்டர், ஒரகடம்

பதில்: தம்பி, உங்கள் சீனியர் நல்ல மனுஷராக இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்டால் உயிர் போய்விடும்.

வண்டி பக்கவாட்டில் சாயும்போது உங்கள் உடம்பும் அந்தப் பக்கம்தான் தள்ளப்படும். அதனால் குதிக்கிறவன் சாய்கிற பக்கமே போய் விழுவான். பின்னாலேயே தலைக்கு மேல் இருக்கும் இரும்புக் கூண்டு அவன் மேல் வரும். மேலிருந்து விழுகிற சரக்கைத் தாங்கத்தான் அந்தக் கூண்டு. குதித்தவனுக்கு அதுவே உலக்கை. 3 டன் தூக்குகிற வண்டியின் சொந்த எடையே நாலு டன்னுக்கு மேல். உட்கார்ந்த இடத்தில் இருங்கள். பெல்ட் போட்டிருக்க வேண்டும். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி, வண்டி சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கூண்டுக்குள் இருக்கிறவனுக்குக் கை கால் அடிபடலாம், ஆனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான். நின்றுகொண்டே ஓட்டுகிற, பின்பக்கம் திறந்திருக்கும் ரீச் டிரக்குக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் பின்பக்கமாக இறங்கி விலக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஏன் சாய்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வண்டிக்குச் சக்கரம் நாலு. ஆனால் அது நிற்பது முக்காலி மாதிரி. பின் அச்சு நடுவில் ஒரே முளையில்தான் தொங்குகிறது. ஆக முன்சக்கரம் இரண்டு, பின் அச்சின் நடுப்புள்ளி ஒன்று, இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வருகிற முக்கோணத்துக்குள்தான் வண்டியும் லோடும் சேர்ந்த எடை விழ வேண்டும். ஃபோர்க்கில் லோடு இருந்தால் எடை முன்பக்கம், முக்கோணத்தின் அகலமான இடத்துக்கு வரும். லோடு இல்லாவிட்டால் பின்னால் கவுண்டர் வெயிட் (லோடுக்கு ஈடாகப் பின்னால் வைத்த இரும்புக் கட்டி) பக்கம், முக்கோணத்தின் கூர்முனைக்குப் போய்விடும். அங்கே அகலமே கிடையாது. லோடு இருக்கும்போது பயந்து பயந்து ஓட்டுகிறவன், இறக்கி வைத்துவிட்டுக் காலி வண்டியை பல்சர் மாதிரி வளைப்பான். சாய்வது அப்போதுதான். மாஸ்டை (ஃபோர்க்கு ஏறி இறங்குகிற முன்பக்கக் கம்பத்தை) தூக்கியபடியே திரும்பினால் இன்னும் மோசம். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபோர்க்கு தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது.

இன்னொன்று. வண்டியில் ஒரு பிளேட் அடித்திருக்கும், எத்தனை கிலோ, எத்தனை மில்லிமீட்டரில் என்று. 500 மில்லிமீட்டரில் 2,000 கிலோ என்றால், சரக்கின் எடை மையம் ஃபோர்க்கின் முகத்திலிருந்து அரை மீட்டருக்குள் இருக்கும்வரைதான் அந்த 2,000. நீளமான பெட்டியைத் தூக்கி மையம் 800-க்குப் போனால், அதே வண்டிக்கு ஏறக்குறைய 1,500 கிலோவே கனம். வண்டிக்கு வண்டி இந்தக் கணக்கு மாறும், அதனால்தான் பிளேட்டைப் படிக்கச் சொல்கிறேன். நான் பயிற்சிக்குப் போகிற இடங்களில் பாதி வண்டிகளில் பிளேட்டைப் படிக்கவே முடிவதில்லை. ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் அடுத்த ஆயுத பூஜை வரை அதன் மேல்தான் காய்ந்து கிடக்கிறது. சாமி கோபித்துக்கொள்ளாது, ஈரத்துணி போட்டுத் துடையுங்கள்.

*

கேள்வி: என் வீட்டுக்காரர் அரிசி கோடவுனில் லோடுமேன். போன மாதம் அட்டி (மூட்டை அடுக்கு) சரிந்து மூட்டை விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்துவிட்டது. கான்ட்ராக்டர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே பைக்கில் விழுந்தார் என்று சொல்லிவிட்டாராம். பிறகு வீட்டுக்கு வந்து 5,000 ரூபாய் கொடுத்து ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். இனி எதுவும் கேட்க முடியாதா?
– வாசகி, சோழவரம்

பதில்: கேட்கலாம் தங்கச்சி. கேட்க வேண்டும்.

முதலில் அந்தக் கைநாட்டு. வேலையில் பட்ட காயத்துக்கான இழப்பீட்டை விட்டுக்கொடுக்கிறேன் என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. இது 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்கிற புதுச் சட்டத்துக்குள் போய்விட்டது. தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறியதால் உங்கள் உரிமை போய்விடவில்லை. “நான் வெறும் கான்ட்ராக்டர் ஆள் வைத்தேன், எனக்குச் சம்பந்தமில்லை” என்று கோடவுன்காரரும் சொல்ல முடியாது. அவர் வேலைக்காக அவர் இடத்தில் நடந்தால் அவரிடமும் கேட்கலாம்.

அடுத்து, அவருக்குச் சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தார்களா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உண்டு. இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். வேலையில் அடிபட்டவருக்கு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும், வைத்தியம் இலவசம். சாதாரணக் காய்ச்சலுக்கு ‘இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்’ என்று கேட்பார்கள். வேலைக் காயத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. முதலாளி விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பவில்லையென்றால் நீங்களே இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுங்கள். இஎஸ்ஐ இல்லையென்றால் இழப்பீட்டுச் சட்டத்தின் வழி. அதில் வேலைக்குப் போகாத காலத்துக்குப் பாதிச் சம்பளம், வைத்தியச் செலவு முழுதும், கை பழையபடி தூக்க வராவிட்டால் அதற்குத் தனியாக ஒரு தொகை. மனு போடுகிற இடம் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகம். பழைய சட்டம் இரண்டு வருடக் கெடு வைத்திருந்தது. நீங்கள் இரண்டு மாதத்தைக் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சாட்சிகள் வேறு கோடவுனுக்குப் போய்விடுவார்கள்.

பெரிய வில்லங்கம் அந்த ‘பைக்’தான். ஆஸ்பத்திரிப் பதிவில் என்ன இருக்கிறதோ அதுதான் கடைசிவரை பேசும். இன்றைக்கே போய் டாக்டரிடம், கோடவுனில் மூட்டை விழுந்து அடிபட்டது என்று சொல்லி, பதிவில் எழுதச் சொல்லுங்கள்; ஏஆர் காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்) கேளுங்கள். அன்று கூட வேலை செய்த இரண்டு பேர் பெயர், தேதி, நேரம், எந்தக் கட்டு அட்டி சரிந்தது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வக்கீலுக்குக் காசில்லையே என்று உட்கார வேண்டாம். பெண் என்ற ஒரு தகுதியே போதும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

சரிந்த அட்டி பற்றி ஒரு வார்த்தை, உங்கள் வீட்டுக்காரருக்காக. நான் தூக்கிய காலத்தில் கோணிச் சாக்கு. சாக்கோடு சாக்கு உரசிப் பிடித்துக்கொள்ளும். இப்போது எல்லாம் பிளாஸ்டிக் சாக்கு, மீன் செதில் மாதிரி வழுக்கும். ஆனால் அட்டியின் உயரத்தை யாரும் குறைக்கவில்லை. 2022-ல் 25 கிலோ வரைக்கும் உள்ள பைக்கு ஜிஎஸ்டி வந்ததும் 26 கிலோ பை வந்தது ஞாபகம் இருக்கிறதா? வரிக்காக ஒரு கிலோ கூட்டினார்கள்; அந்த ஒரு கிலோவைத் தோளில் வாங்கிக்கொண்டது யார் என்று யாரும் எழுதவில்லை. அட்டியைச் செங்கல் கட்டுகிற மாதிரி ஒரு வரிசை நெட்டுக்கு, ஒரு வரிசை குறுக்கே போட வேண்டும். உயரம் போகப் போக உள்ளே தள்ளி அடுக்க வேண்டும். பிரிக்கும்போது மேலிருந்து, படிக்கட்டு மாதிரி. முகப்பில் கைக்கு எட்டுகிற மூட்டையை உருவுகிறவன் தன் தலைக்கு மேல் இருப்பதையும் சேர்த்தே உருவுகிறான். அடியில் ஒரு மூட்டை நனைந்தோ எலி கடித்தோ அரிசி கொட்டியிருந்தால் அந்த அட்டிப் பக்கம் போகவே வேண்டாம். சாக்கு தளர்ந்தால் மேலே உள்ளது எல்லாம் முன்னால் சாயும். சாய்ந்து நிற்கிற அட்டி இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் டீக்கு உட்காரும்போது வரும்.

*

கேள்வி: ரிவர்ஸ் ஹாரன் சத்தம் தாங்க முடியவில்லை. ஒயரைக் கழற்றிவிட்டேன். தப்பா?
– ஆபரேட்டர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: தப்பு. மாட்டுங்கள். ஆனால் ஒன்று உண்மை: பத்து வண்டி ஒரே நேரத்தில் கத்தினால் எது எங்கே வருகிறது என்று யாருக்கும் தெரியாது, காது அதைச் சத்தமாகவே எடுத்துக்கொள்ளாது. தரையில் நீலப் புள்ளி விழுகிற விளக்கு இருக்கிறது, மூலை திரும்புவதற்கு முன்னாலேயே வெளிச்சம் முந்தி வந்து நிற்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். ஹாரனுக்குப் பதிலாக இல்லை, கூடவே.

*

கேள்வி: நான் லாரி டிரைவர். கோடவுனில் லோடு இறக்கும்போது இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கேபினில் படுத்துத் தூங்குவேன். இப்போது ஒரு கம்பெனியில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, வெளியே ரூமில் போய் உட்காரு என்கிறார்கள். டிரைவரை இப்படி அவமானப்படுத்தலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: அண்ணே, சாவியை வாங்கிக்கொள்கிற கம்பெனிக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன்.

உங்கள் வண்டிக்குள் ஃபோர்க்லிஃப்ட் போகிறது, வருகிறது. ஒவ்வொரு தடவை அது பிரேக் போடும்போதும் உங்கள் லாரி இம்மி இம்மியாக முன்னால் நகரும். டாக்குக்கும் (லோடு இறக்குகிற மேடைக்கும்) லாரிக்கும் நடுவே போட்ட தகடு கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். அரை மணி நேரத்தில் நாலு விரல் நகர்ந்திருப்பதை நானே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுப் பார்த்திருக்கிறேன். தகடு விழுந்தால் ஃபோர்க்லிஃப்ட் அந்தச் சந்தில் மூக்கைக் குத்தும். அதைவிட மோசம், தூக்கக் கலக்கத்தில் யாரோ “ஆச்சு, எடு” என்றது காதில் விழுந்து நீங்கள் ஸ்டார்ட் பண்ணுவது. உள்ளே ஆள் இருப்பான். அதனால் சக்கரத்துக்குக் கட்டை, சாவி அவர்கள் கையில், நீங்கள் ரூமில். ரூமில் ஃபேனும் தண்ணீரும் இல்லையென்றால் அதற்குச் சண்டை போடுங்கள், உங்கள் பக்கம் நானும் வருகிறேன்.

டிரைவர்கள் அடிபடுகிற இன்னொரு இடம் கதவு. எத்தனை பேர் கன்டெய்னர் கதவை முழுசாக விரித்து, நடுவில் நின்றுகொண்டு திறக்கிறீர்கள்! வழியெல்லாம் குலுங்கி வந்த சரக்கு கதவின் மேல் சாய்ந்து நிற்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. முதலில் வலது கதவை மட்டும், கதவின் பின்னாலேயே நின்று, ஒரு சாண் திறங்கள். லிவர் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தாலே உள்ளே ஏதோ தள்ளுகிறது என்று அர்த்தம். அப்படியே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கும்போதும் அதே கதைதான். கயிறுதான் மூட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் முடிச்சை அவிழ்ப்பது அதன் கீழே நின்றுகொண்டு.

*

கேள்வி: எங்கள் ஸ்டோரில் ராக்கின் (சரக்கு வைக்கிற உயரமான இரும்பு அடுக்கின்) தூண் ஒன்றில் வண்டி இடித்து லேசாக வளைந்திருக்கிறது. மேனேஜர் மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னார், அடித்தாயிற்று. இரண்டு மாதமாக ஒன்றும் ஆகவில்லை. நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?
– ஸ்டோர் கீப்பர், ஓசூர்

பதில்: பெயின்ட் அடித்தால் வளைவு தெரியாது. அவ்வளவுதான் அதன் பயன்.

ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கம்பியோ அளவுகோலோ எடுத்துக்கொள்ளுங்கள். வளைவு நடுவில் வருகிற மாதிரி தூணோடு ஒட்டி வைத்து, நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். பாதைக்கு நேராக நின்று பார்க்கும்போது பக்கவாட்டில், அதாவது பீம் (தூண்களை இணைக்கிற குறுக்குச் சட்டம்) ஓடுகிற திசையில் வளைந்திருந்தால் 5 மில்லிமீட்டர்தான் உச்சம். ராக்கின் உள்பக்கமாக, முன் தூணிலிருந்து பின் தூணுக்குப் போகிற திசையில் வளைந்திருந்தால் 3 மில்லிமீட்டர்தான் உச்சம். ஐரோப்பியத் தரத்தில் வைத்திருக்கிற கணக்கு இது. 3 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி வைத்த கனம்தான். அதைத் தாண்டியிருந்தால் கவனிக்க வேண்டிய கேஸ், அதைப்போல் இரண்டு மடங்கு என்றால் அன்றைக்கே அந்த வரிசையில் இருப்பதை எல்லாம் இறக்க வேண்டும். தூணை நெருப்பு காட்டி நிமிர்த்துவது, வெல்டிங் வைப்பது எல்லாம் வேண்டாம். புதுத் தூண்தான். பீமைத் தூணில் மாட்டுகிற இடத்தில் சின்னதாக ஒரு லாக் பின் இருக்கும், எத்தனை இல்லை என்று எண்ணிப் பாருங்கள். கீழிருந்து ஃபோர்க்கு பட்டால் பீம் எகிறாமல் இருக்கத்தான் அந்தப் பின். அது விழுந்து கிடந்தால் யாரோ அள்ளிப் பழைய இரும்புக்காரர் தராசில் போட்டிருப்பார்கள்.

ராக் ஏன் பயப்பட வேண்டியது என்றால், அது தனியாக விழாது. ஒரு தூண் போனால் பீம் பக்கத்துத் தூணை இழுக்கும், அது அடுத்ததை. 2016 மே மாதம் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சீஸ் அடுக்கிய ராக்குகள் வரிசையாகச் சரிந்தன. ஃபோர்க்லிஃப்டோடு உள்ளே மாட்டிக்கொண்ட ஆபரேட்டரை வெளியே எடுக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர் பிழைத்தார், கூண்டு இருந்ததால். மேலே ஒரகடம் தம்பிக்குச் சொன்னேனே, அதே கூண்டு. 2020 அக்டோபரில் பிரேசிலின் சாவோ லூயிஸ் நகரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இதே மாதிரி ராக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்து, அங்கே வேலை செய்த ஒரு பெண் இறந்துபோனார். அங்கே இருந்தவர்களுக்குக் கூண்டு இல்லை.

உங்கள் மேனேஜரிடம் வாயால் சொல்லாதீர்கள், மெயில் போடுங்கள். போட்டோவில் அளவுகோல் தெரியட்டும்.

*

கேள்வி: வெயில் காலத்தில் சேஃப்டி ஷூ போட்டால் கால் வெந்துவிடுகிறது. சாதாரண ஷூ போதாதா?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: நல்ல சேஃப்டி ஷூவின் முன்னால் இருக்கிற தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்கும். கோடவுன் கணக்கில் சொன்னால், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 20 கிலோ விழுந்தால் விரல் தப்பும். உங்கள் சாதாரண ஷூ மழைக்கே தாங்காது. ஆனால் அந்த 20 கிலோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மீட்டரிலிருந்து 50 கிலோ மூட்டை விழுந்தால் அது ஐந்து பங்கு அடி. ஹெல்மெட்டும் அப்படித்தான். போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் தூக்கிய லோடுக்குக் கீழே போகிறவனை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கால் வேகிறதென்றால் பருத்திச் சாக்ஸ் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மதியம் மாற்றுங்கள்.

*

கேள்வி: மஞ்சள் வியாபாரம் செய்கிறேன். சொந்தக் கோடவுன், ஒரு ஃபோர்க்லிஃப்ட், பதினைந்து ஆட்கள். ‘கவனமாக வேலை செய்யுங்கள்’ என்று போர்டு எழுதி வைத்திருக்கிறேன், தினமும் சொல்கிறேன். ஆனாலும் போன வருடம் இரண்டு விபத்து. ஆட்கள் கவனமாக இருந்தால் போதாதா? எல்லாவற்றுக்கும் முதலாளியையே குறை சொன்னால் எப்படி?
– வாசகர், ஈரோடு

பதில்: ஐயா, குறை சொல்லவில்லை. ஒரு நாள் காலை பத்து மணிக்கு உங்கள் கோடவுன் கதவருகே ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வண்டியும் ஆளும் ஒரே கதவு வழியாக எத்தனை தடவை போகிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். ஐம்பதைத் தாண்டும் என்பது என் பந்தயம். ஐம்பது தடவையும் ஆபரேட்டரும் கவனமாக இருந்து, மூட்டையைத் தோளில் வைத்து ஒரு பக்கம் கண்ணே தெரியாத லோடுமேனும் கவனமாக இருந்தால்தான் அந்த நாள் நல்லபடியாக முடியும். அப்படி ஒரு வருடம் முழுக்க இருக்கிற மனுஷனை நான் பார்த்ததில்லை. நானும் இருந்ததில்லை.

அதனால் ஆளுக்குத் தனிக் கதவு. இரண்டாவது கதவு இல்லையென்றால், இருக்கிற கதவில் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் குழாய் வேலி போட்டு மூன்றடி நடைபாதை. கோடு மட்டும் போட்டால் மஞ்சள் தூள் ஒரு வாரத்தில் அதை மறைத்துவிடும், உங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம், கோடும் மஞ்சள், தூளும் மஞ்சள். டீக்காரர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் வண்டி திரும்புகிற மூலையில்தான் நிற்பார், நிழல் அங்கேதான் இருக்கும். அவருக்கு வெளியே ஒரு கூரை போட்டுக் கொடுத்தால் பதினைந்து பேர் அங்கே போவார்கள். கழிவறைக்குப் போக வண்டிப் பாதையைக் கடக்க வேண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கூலி எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்றால், உங்கள் போர்டு ‘கவனம்’ என்கிறது, உங்கள் கூலி ‘ஓடு’ என்கிறது. ஆள் கூலி சொல்வதைத்தான் கேட்பான். மூட்டைக் கணக்கை உடனே மாற்ற முடியாது, தெரியும், மேஸ்திரியே ஒத்துக்கொள்ள மாட்டார். வண்டி உள்ளே இருக்கும் நேரத்தில் ஆள் வெளியே, ஆள் உள்ளே இருக்கும் நேரத்தில் வண்டி வெளியே என்று அரை மணிக்கு ஒரு முறை மாற்றிப் பாருங்கள். அந்த நிற்கிற நேரத்துக்கும் கூலி உண்டு என்று சொல்லிவிடுங்கள். மூட்டை எடையையும் பாருங்கள். ஒரு ஆண் தூக்குவதற்கு 55 கிலோவே உச்சம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே சொல்லிவிட்டது. மஞ்சள் மூட்டை எத்தனை கிலோ என்று உங்களுக்கே தெரியும்.

பதினைந்து பேரையும் தமிழ்நாடு உடல் உழைப்புத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். லோடுமேன்களுக்கு அது உண்டு. பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

*

கேள்வி: ‘காலி வண்டிக்கு எட்டி நில்’ என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். லோடு உள்ள வண்டியைப் பார்த்துத்தானே பயப்பட வேண்டும்?
– பாலிடெக்னிக் மாணவி, திருவள்ளூர்

பதில்: நல்ல கேள்வி பாப்பா. இதற்குப் பதில் என் இடது காலில் இருக்கிறது.

காருக்கு முன்சக்கரம் திரும்பும். ஃபோர்க்லிஃப்டுக்குப் பின்சக்கரம் திரும்பும். வண்டி வலது பக்கம் திரும்பினால் அதன் பின்பக்கம் இடது பக்கமாக வீசும், மாடு வாலை வீசுகிற மாதிரி. ஆபரேட்டர் முன்னால் ஃபோர்க்கைப் பார்த்துக்கொண்டிருப்பார், வீசுகிற பின்பக்கம் அவர் கண்ணுக்கு வராது. லோடு இருந்தால் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடும். லோடு இல்லாவிட்டால் கவுண்டர் வெயிட்டின் எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில்.

மணலியில், காகிதச் சுருள் வைக்கிற ஒரு கிடங்கு. அப்போது நான் ஆபரேட்டர் இல்லை, ஹெல்பர். மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். வண்டியில் இருந்த அண்ணனுக்கு டீ கொண்டுபோனேன். சுருளை இறக்கிவிட்டு வண்டி காலியாக நின்றுகொண்டிருந்தது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று கிளாஸை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, “இரு, ஓரமா போட்டுட்டு வரேன்” என்று ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். ஓரம் கட்டிவிட்டு என்னோடு நின்று டீ குடிக்கத்தான். காலில் ரப்பர் செருப்பு. வலி உடனே தெரியவில்லை. யாரோ என் காலைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. டீ கிளாஸ் கையில்தான் இருந்தது, பாதிதான் சிந்தியிருந்தது. “அண்ணே, வண்டியை எடு” என்றேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

இரண்டு விரல். ரிஜிஸ்டரில் காரணம் என்ற கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினார்கள், யாருடையது என்று எழுதவில்லை. அடுத்த வாரம் வண்டிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி மாட்டினார்கள். டீ மட்டும் அதே இடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

இஎஸ்ஐ இருந்ததால் மெடிக்கல் போர்டு ஊனத்துக்குச் சதவீதம் போட்டு, அதற்கு உண்டான சிறிய தொகை இன்றும் மாதா மாதம் வங்கிக்கு வருகிறது. மெசேஜ் சத்தம் கேட்டால் என் வீட்டுக்காரம்மா அடுப்படியிலிருந்தே சொல்வாள்: “உங்க விரல் ரெண்டும் சம்பளம் வாங்கிடுச்சு போல.”